ஜெல்லுக்குள் உயிர்ப்பாசி: எங்கே நிற்கும், எங்கே கரையும்

குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியின் ஒரு செல் ஏறத்தாழ 5 மைக்ரான் அளவு. தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம் கூடியது. அசையாத நீரில் விட்டால் விநாடிக்கு ஒரு மைக்ரான் வேகத்தில்தான் கீழே இறங்கும். ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தாலும் அரைச் சாண் ஆழத்தை எட்டாது. செல்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். தாமாகத் திரண்டு படிவது அரிது. திறந்த குட்டையில் நன்றாக வளர்ந்த பாசிகூட லிட்டருக்கு அரை கிராமிலிருந்து 1 கிராம் வரைதான் தேறும். ஆக, 1 கிலோ உலர்பாசிக்குக் குறைந்தது 1,000 லிட்டர் தண்ணீரை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றவோ வடிகட்டவோ வேண்டும். நுண்பாசி உற்பத்திச் செலவில் 20 முதல் 30 சதவீதம் அறுவடைக்கே போகிறது என்பது இத்துறையில் பல காலமாகப் புழங்கும் கணக்கு. பாசியை வளர்ப்பது எளிது. தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் பாடு.

அந்தப் பாட்டைத் தவிர்க்கக் கிடைத்த வழிகளுள் ஒன்று, உயிருள்ள செல்களை ஜெல்லுக்குள் நிறுத்திவிடுவது. 3 மி.மீ. உருண்டைக்குள் லட்சக்கணக்கான செல்கள் அடங்கும். கலக்குவதை நிறுத்தினால் உருண்டைகள் சில விநாடிகளில் அடியில் படியும். சாதாரணச் சல்லடை போதும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல ஆய்வகங்கள் இதைச் செய்துவருகின்றன. ஆனாலும் பெரிய பாசிப் பண்ணைகள் இன்றும் திறந்த குட்டைகளையும் கண்ணாடிக் குழாய்களையும்தான் நம்பியிருக்கின்றன. இவ்வளவு எளிய தீர்வு ஏன் பண்ணைக்கு வரவில்லை? நாம் தவறான இடத்தில் அதைத் தேடுகிறோம் என்பது என் எண்ணம். பாசியின் உடம்பு வேண்டுமென்றால் ஜெல் உதவாது. பாசி செய்யும் வேலை மட்டும் போதும் என்றால், ஜெல்லுக்கு இணையானவை சிலவே.

செல்களைக் கெட்டியான ஊடகத்தில் வைப்பது நுண்ணுயிரியலுக்குப் பழக்கமானதுதான். 1880களின் தொடக்கத்தில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினுக்குப் பதிலாக அகாரைப் பயன்படுத்தும் யோசனையைத் தந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. சமையலறையில் அகாரைப் பழகியிருந்தவர் அவர். 1890இல் டச்சு நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெயரிங்க், டெல்ஃப்ட் நகரில், ஜெலட்டின் ஊடகத்தில்தான் குளோரெல்லாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அங்கெல்லாம் ஜெல் ஒரு மேடை. செல் அதன்மேல் வளரும், பிறகு எடுக்கப்படும். செல்லை உள்ளே பூட்டி வேலை வாங்கலாம் என்ற எண்ணம் பிறகு வந்தது. 1966இல் ஸ்வீடனில் கிளாஸ் மோஸ்பாக் குழுவினர் கற்பாசியின் செல்களைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் அடைத்து, உள்ளிருந்த நொதி தொடர்ந்து இயங்குவதைக் காட்டினார்கள். கற்பாசி என்பதே பூஞ்சைக்குள் பாசி குடியிருக்கும் கூட்டுயிர். 1973இல் ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனம் எஸ்செரிசியா கோலை பாக்டீரியாக்களை அதே வகை ஜெல்லில் நிறுத்தி, அஸ்பார்டிக் அமிலத்தைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அங்கே பாலிஅக்ரிலமைடின் இடத்தைக் கடற்பாசிப் பொருளான கராகீனன் பிடித்துக்கொண்டது.

தனபேயின் வெற்றியைப் பாசிக்கு அப்படியே பொருத்திப் பார்த்ததில்தான் பல எதிர்பார்ப்புகள் வழிதவறின. அந்த பாக்டீரியா செல்கள் உயிரோடு பெருகவேண்டிய அவசியமே இல்லை. அவற்றின் ஒரு நொதி கெடாமல் இருந்தால் போதும். பாசிக்கோ உயிர் வேண்டும், கரியமில வாயு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம் வேண்டும். பாலிஅக்ரிலமைடின் மூலப்பொருள் உயிருள்ள செல்களுக்கு நஞ்சு. அகார் உருக 85 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். ஆறி 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் இறுகிவிடும். செல்களைக் கலக்கக் கிடைக்கும் இடைவெளி குறுகியது. கொஞ்சம் அவசரப்பட்டால் செல்கள் வெந்துபோகும். சூடும் நஞ்சும் இல்லாமல், அறை வெப்பத்தில், தண்ணீரிலேயே இறுகும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. அது ஆல்ஜினேட். 1977இல் கியர்ஸ்டன், பக் என்ற இருவர் நுண்ணுயிர் செல்களைக் கால்சியம் ஆல்ஜினேட்டில் அடைக்கும் முறையை விரிவாக வெளியிட்ட பிறகு, பாசி ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் இருப்பது. 1880களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு அதைப் பிரித்தெடுத்தார். மன்னுரானிக், குலுரானிக் என்ற இரண்டு சர்க்கரை அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி அது. குலுரானிக் அலகுகள் தொடர்ச்சியாக வரும் பகுதிகளில் சங்கிலி மடிந்து சிறு குழிகள் உண்டாகும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்தால், அந்தக் குழிகளில் கால்சியம் அயனிகள் முட்டைத் தட்டில் முட்டை உட்காருவதுபோல் அமர்ந்து இரண்டையும் பிணைக்கும். 1973இல் முன்வைக்கப்பட்ட இந்த மாதிரிக்கே முட்டைத் தட்டின் பெயர்தான். ஜெல்லின் வலு முழுக்க இந்தப் பிணைப்பில் இருக்கிறது. அது உடையும் விதமும் இங்கேயேதான் இருக்கிறது.

உருண்டை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எளிமை வியக்கவைக்கும். சோடியம் ஆல்ஜினேட் பொடியை 2 சதவீத அளவில் தண்ணீரில் தூவிக் கலக்கவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே வறண்ட மாவுமாகக் கட்டி தட்டும்; சிறிது சிறிதாகத் தூவி, கட்டி முழுதும் கரையும்வரை பொறுமையாகக் கலக்கத்தான் வேண்டும். பிறகு செறிவாக்கிய பாசியை அதில் சேர்த்து, காற்றுக் குமிழி அடங்கும்வரை வைத்து, சிரிஞ்சில் எடுத்துக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஊசி நுனி கரைசலுக்கு மிக நெருக்கமாக இருந்தால் சொட்டு வால் முளைத்து இறுகும். மிக உயரத்திலிருந்தால் மோதித் தட்டையாகும். சொட்டு விழுந்த அந்தக் கணமே வெளித்தோல் பிடித்துவிடும். உள்ளே கால்சியம் ஊறி முழுவதும் இறுக அரை மணி நேரமாவது ஆகும். பிறகு கழுவி, வளர்ப்பு ஊடகத்தில் போடலாம். முதல் நாள் உருண்டை வெளிறிய பச்சை. நாட்கள் போகப்போக உள்ளே கரும்பச்சைப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். செல் பிரிந்து பிறக்கும் சேய்கள் விலகிப்போக வழியில்லாமல் பிறந்த இடத்திலேயே திரள்வதால் உண்டாகும் குறுங்குடியிருப்புகள் அவை.

சில வாரங்கள் கழித்து அந்த உருண்டையை இரண்டாக வெட்டிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் விளிம்பில் அடர்ந்த பச்சை வளையம் இருக்கும், நடு வெளுத்திருக்கும். ஜெல்லின் துளைகள் நானோமீட்டர் அளவில் இருப்பதால் செல் வெளியேற முடியாது. உப்புகளும் வாயுக்களும் தாராளமாக உள்ளே போகும். ஆனால் போகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சிறு மூலக்கூறு ஒன்று 1 மி.மீ. ஊடுருவ ஏறத்தாழ 8 நிமிடம் என்றால், 2 மி.மீ.க்கு அரை மணிக்கு மேல். வெளி வளையத்துச் செல்கள் வழியிலேயே உணவை எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தையும் அவையே தடுக்கும். வெளிச்சமுள்ள இடத்துக்கு நகர்ந்துவர உள்ளிருக்கும் செல்லுக்கு வழியில்லை. மேலும், விளிம்பில் பெருத்த திரள் ஜெல்லைப் பிளந்து செல்களைக் கசியவிடும். பாக்டீரியாவுக்கோ ஈஸ்ட்டுக்கோ செய்வதுபோல் உருண்டைகளை நெடுங்குழாயில் திணித்து அடுக்கினால், இரண்டாவது அடுக்கே இருளில்தான் இருக்கும்.

இனி எடைக் கணக்கு. 2 சதவீத ஆல்ஜினேட் என்றால் 1 லிட்டர் உருண்டைகளில் 20 கிராம் ஆல்ஜினேட். அதனுள் மில்லிலிட்டருக்கு 10 கோடி செல்கள் வளர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம், நல்ல வளர்ச்சிதான். குளோரெல்லா செல் ஒன்றின் உலர் எடை 10 முதல் 20 பிகோகிராம். அப்படியானால் பாசியின் எடை 1 முதல் 2 கிராம். பாசியைப்போல் பத்து மடங்குக்கும் குறையாத எடையில் ஜெல்! இந்தப் பாசியை எடுத்து எண்ணெய்க்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தவேண்டுமென்றால், சிட்ரேட் கரைசலில் ஜெல்லைக் கரைக்கவேண்டும். அதோடு ஆல்ஜினேட்டும் போய்விடும். அறுவடைச் செலவை மிச்சப்படுத்தப் போய், அறுவடைப் பொருளைவிட விலை கூடிய ஒன்றைக் கரைத்துவிடுகிறோம். பாசியின் உடம்புதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜெல்லைவிட, மென்படலத்தின்மேல் பாசியை ஒட்டவைத்து வளர்த்துச் சுரண்டியெடுக்கும் முறை மேல். ஜெர்மனியின் கோலோன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இரட்டைப் படலத் தொட்டி அந்த வகை.

வேலை மட்டும் போதும் என்ற இடத்துக்கு மிகச் சிறந்த உதாரணம் மெக்சிகோவின் லா பாஸ் நகரம். பாலைநிலமும் கடலும் சந்திக்கும் அந்த ஊரில் யோவாவ் பாஷானும் லூஸ் டி-பாஷானும் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து நடத்திய ஆய்வுகள், ஒரே உருண்டையில் இரண்டு உயிர்களை வைத்தன: குளோரெல்லா ஒன்று, அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா மற்றொன்று. அசோஸ்பைரில்லத்தை நம் உழவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெல் நாற்றின் வேரை நனைத்து நடுவதற்கு வேளாண் விரிவாக்க மையத்தில் பொட்டலமாக வாங்கும் அதே உயிர் உரம்தான். பயிர் வேரில் அது சுரக்கும் இன்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி, ஒரு செல் பாசியையும் தூண்டும் என்பதே அவர்களின் கண்டுபிடிப்பு. நகராட்சிக் கழிவுநீரில் இந்தக் கூட்டு உருண்டைகள் 6 நாட்களுக்குள் அம்மோனியத்தை 100 சதவீதம் வரையிலும், நைட்ரேட்டை 15 சதவீதம் வரையிலும், பாஸ்பரஸை 36 சதவீதம் வரையிலும் நீக்கின. பாசி மட்டும் இருந்த உருண்டைகளில் அதே அளவுகள் 75, 6, 19. பாசியைச் சில நாள் பட்டினி போட்டுவிட்டுக் கழிவுநீரில் இறக்கினால் பாஸ்பரஸை இன்னும் ஆவலாக எடுத்துக்கொள்கிறது என்பதையும் அவர்கள் 2006இல் காட்டினார்கள். இரண்டு உயிர்களும் தனித்தனியே மிதந்தால் பாக்டீரியா அடித்துச் செல்லப்படும், அல்லது வேறு உயிர் அதைத் தின்னும். ஒன்றின் சுரப்பு மற்றதன்மேல் நேரே படும்படி அருகருகே உட்காரவைத்ததுதான் ஜெல்லின் பங்கு.

இத்தகைய எண்களைப் படிக்கும்போது ஒரு கேள்வியை விடக்கூடாது: பாசியே இல்லாத வெற்று உருண்டை எவ்வளவு நீக்கியது? ஆல்ஜினேட்டில் உள்ள கால்சியமே பாஸ்பேட்டைப் பிடித்துப் படியவைக்கும். ஒளிச்சேர்க்கை மும்முரமாக நடக்கும்போது நீரின் காரத்தன்மை ஏறும். அப்போது பாஸ்பேட் உப்பாகப் படியும், அம்மோனியாவின் ஒரு பகுதி காற்றில் பறந்துபோகும். இவை யாவும் பாசி தின்ற கணக்கில் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. வெற்று உருண்டையை ஒப்பீட்டுக்கு வைக்காத ஆய்வுகளின் சதவீதங்களை நான் நம்புவதில்லை.

இங்கேதான் இந்த முறையின் அடிப்படை முரண் இருக்கிறது. எந்தப் பாஸ்பேட்டை நீக்க உருண்டையை இறக்குகிறோமோ, அதே பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கி உருண்டையை இளக்கும். ஆய்வகத்திலேயே இதன் பாதிப்பு தெரியும். போல்டு ஊடகம் எனப்படும் வழக்கமான வளர்ப்புக் கரைசலில் லிட்டருக்கு 250 மி.கி. பாஸ்பேட் உப்புகள் உண்டு, பி.ஜி.-11 ஊடகத்தில் 40 மி.கி.தான். உருண்டைகளை நீண்ட நாள் வைக்க எண்ணுபவர் முதலில் பார்க்கவேண்டியது இந்த வித்தியாசத்தை.

அடுத்த எதிரி சோடியம். நார்வேயின் ஸ்மிட்ஸ்ரோட், ஸ்யோக்-பிராக் இருவரும் 1990இல் தெளிவாக்கியபடி, குலுரானிக் அலகுகள் நிறைந்த ஆல்ஜினேட்கூட, சோடியம் கால்சியத்தைப்போல் 25 மடங்குக்கு மேல் போனால் ஊதத் தொடங்கும். அந்த அலகுகள் குறைந்த ஆல்ஜினேட்டுக்கு 3 மடங்கே எல்லை. கடல்நீரில் அயனி எண்ணிக்கையில் இந்த விகிதம் ஏறத்தாழ 46. எனவே இறால் பண்ணைக் கழிவுநீரில் சாதாரண ஆல்ஜினேட் உருண்டை நீடிக்காது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல், நன்னீர் நுண்பாசிகளை உருண்டையாக்கிச் சாயக் கழிவுநீரில் சோதித்திருக்கிறார்கள். அது தேவையான வேலை. ஆனால் பருத்திக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்பு சேர்க்கப்படுகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். திருப்பூர் சாயநீரில் உருண்டை இரண்டு பக்கமும் அடி வாங்கும்: சோடியம் ஜெல்லை அவிழ்க்கும், நிறம் வெளிச்சத்தை மறைக்கும். இந்தச் சிக்கலைப் பேசாமல் பாசி உருண்டையைச் சாயப்பட்டறைத் தீர்வாக முன்வைப்பது, அந்த ஊரின் ஆற்றங்கரை மக்களிடம் மீண்டும் ஒரு பொய் நம்பிக்கையை விற்பதாகும்.

உருண்டையை வலுப்படுத்த வழிகள் உண்டு. கால்சியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம் இன்னும் இறுகப் பிடிக்கும். பேரியம் அதைவிட இறுக்கம், ஆனால் நஞ்சு. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானால் மேல்பூச்சு போடலாம். பாலிவினைல் ஆல்கஹால் கலக்கலாம். ஒவ்வொன்றும் வலுவைக் கூட்டும். கூடவே செலவையோ, செல்லுக்கான நெருக்கடியையோ கூட்டும்.

ஜெல் அவிழும் இதே பலவீனத்தைப் பலமாக்கிய ஒரு பொருள் சந்தையிலேயே இருக்கிறது. பெல்ஜியத்தில் தயாராகும் ஆல்கல்டாக்ஸ்கிட் என்ற நீர்நச்சுச் சோதனைப் பெட்டியில் சிறு குப்பிகளில் பாசி உருண்டைகள் வருகின்றன. சோதனை நாளில் கரைப்பானை ஊற்றினால் ஜெல் அவிழ்ந்து செல்கள் வெளிவரும். 72 மணி நேர வளர்ச்சியைக் கொண்டு நீரின் நச்சுத்தன்மை கணிக்கப்படும். தினமும் பாசியை வளர்த்துக் காக்கும் ஆய்வகம் இல்லாத ஊரிலும் நீரைச் சோதிக்கலாம். குளிரிலும் இருளிலும் வைத்த உருண்டைக்குள் சீனிடெஸ்மஸ் பாசி 3 ஆண்டுகள் உயிரோடிருந்ததை 2001இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. பாசியின் விதைக்களஞ்சியமாக ஜெல் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஹைட்ரஜன் ஆய்விலும் ஜெல் தன் குறையாலேயே உதவுகிறது. கிளமிடோமோனஸ் பாசியின் ஹைட்ரஜன் உண்டாக்கும் நொதி, ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும். கொசுரோ, சீபெர்ட் என்ற ஆய்வாளர்கள் 2009இல் இந்தப் பாசியை உருண்டையாக்காமல் ஆல்ஜினேட்டின் மெல்லிய படலமாக்கினார்கள். படலமானதால் எல்லாச் செல்களுக்கும் வெளிச்சம் கிடைத்தது. ஜெல் ஆக்சிஜனைத் தாமதப்படுத்தியதால், வெளியே காற்று இருந்தபோதும் ஹைட்ரஜன் உற்பத்தி தொடர்ந்தது. பாட்ரியோகாக்கஸ் என்ற பாசி ஹைட்ரோகார்பனைச் செல்லுக்கு வெளியே சேர்த்துவைக்கும்; 1985இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை ஆல்ஜினேட்டில் நிறுத்தியபோது ஹைட்ரோகார்பன் கூடியது. இரண்டிலும் செல்லைக் கொல்லாமல் விளைச்சலை எடுக்கலாம்.

அண்மை ஆண்டுகளில் இந்தத் துறையில் சிலர் உருண்டையையே கைவிட்டு வேறு வடிவங்களுக்குப் போயிருக்கிறார்கள். 2020இல் டேனியல் வாங்பிரசர்ட் குழுவினர் பவளத்தின் வடிவத்தை முப்பரிமாண அச்சில் வார்த்து, ஜெல்லுக்குள் பாசியை மில்லிலிட்டருக்கு 100 கோடி செல் வரை அடர்த்தியாக வளர்த்தார்கள். பவள உயிரிகள் தம் திசுவுக்குள் பாசியை வைத்து வெளிச்சத்தை உள்ளே பரப்பும் உத்தியே அதன் அடிப்படை. முன்சொன்ன எடைக் கணக்கு, அந்த அடர்த்தியில் பாசியின் எடை ஜெல்லின் எடையை நெருங்கும் அளவுக்கு மாறுகிறது என்பதால் இது எனக்கு மிக முக்கியமான முன்னேற்றமாகத் தெரிகிறது. 2021இல் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் பாக்டீரியா செல்லுலோஸ் தாளின்மேல் ஆல்ஜினேட்டோடு பாசியை அச்சிட்டார்கள். சிலி நாட்டில், கொலாஜன் சாரக்கட்டில் ஃபைப்ரின் ஜெல்லோடு பாசியை ஏற்றி மனிதரின் ஆழமான தோல்காயத்தில் வைத்து, அது பாதுகாப்பானது என்று முதல் மனிதச் சோதனையில் காட்டினார்கள். காயத்துக்கு வேண்டியது பாசியன்று, அது வெளிவிடும் ஆக்சிஜன்.

இவ்வளவுக்கும் மூலப்பொருள் கடலிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட்டுக்காகவும், மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகாருக்காகவும் எடுக்கப்படுகின்றன. எடுப்பவர்கள் இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். 1986இல் அங்கே கடல் தேசியப் பூங்கா அமைந்த பிறகு, அவர்கள் காலங்காலமாகப் பாசி எடுத்த தீவுப் பக்கங்களுக்குப் போவதே தகராறானது. ஆல்ஜினேட்டை மலிவான பொருளாகக் கருதி உருண்டைகளை வீசியெறியும் திட்டம் எதுவும் இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே சொல்வேன்.

வீசியெறியத் தேவையில்லை என்பதையும் லா பாஸ் குழுவே காட்டியது. கழிவுநீரைச் சுத்தம் செய்து ஓய்ந்த உருண்டைகளை உலர்த்தி, மேல்மண் அரிக்கப்பட்ட பாலை மண்ணில் கலந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் மண்ணின் கரிமப்பொருள் கூடியது, அதில் விதைத்த சோளம் நன்றாக வளர்ந்தது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கழிவுநீரிலிருந்து மண்ணுக்கு வந்தன, ஆல்ஜினேட்டும் வீணாகவில்லை. தமிழ்நாட்டில் இதைத் தொடங்க ஏற்ற இடம் சாயப்பட்டறையும் இறால் பண்ணையும் அல்ல. உப்பு குறைந்த வீட்டுக் கழிவுநீர் வரும் சிறு நகராட்சிகளும் உள்நாட்டு மீன் குளங்களும்தான். அசோஸ்பைரில்லம் இங்கே மலிவாகக் கிடைக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை, ஆல்ஜினேட் நம் கடலிலேயே விளைகிறது. அளக்கவேண்டியவை மூன்று: ஓர் உருண்டை எத்தனை சுற்று உடையாமல் தாங்குகிறது, வெற்று உருண்டையைக் கழித்தபின் பாசி உண்மையில் எவ்வளவு நீக்குகிறது, ஓய்ந்த உருண்டை நம் செம்மண்ணில் என்ன செய்கிறது.